கூலிக்கு மருந்தடிப்பவர்: மூடி திறப்பதிலிருந்து பூட்டு போடுவது வரை

பல ஊர்களில் இப்போது மருந்தடிப்பது ஒரு தனித் தொழில். ஊருக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். சொந்தமாக ஒரு பேட்டரி பம்ப் வைத்திருப்பார்கள், கொஞ்சம் வசதி இருந்தால் ஒரு பவர் ஸ்பிரேயரும் இருக்கும். போன் போட்டால் விடியற்காலையில் வந்துவிடுவார்கள். கூலி டேங்க் கணக்கில். முதுகில் சுமக்கிற பம்ப் பெரும்பாலும் 16 லிட்டர் பிடிக்கும். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 12, 13 டேங்க் ஆகும். எத்தனை டேங்க் அடித்து முடிக்கிறாரோ அத்தனை கூலி. நின்று நிதானிக்க அவருக்கு நேரம் கிடையாது.

தன் 2 ஏக்கருக்குத் தானே மருந்தடிக்கும் விவசாயி ஒரு பருவத்தில் சில நாட்கள் பம்பைத் தூக்குவார். கூலிக்கு அடிப்பவர் அதே பருவத்தில் வாரக்கணக்கில் தூக்குகிறார். திங்கட்கிழமை ஒருவருடைய பருத்திக்கு ஒரு பாட்டில், செவ்வாய்க்கிழமை இன்னொருவருடைய மிளகாய்க்கு வேறு கம்பெனியின் பாட்டில். லேபிளில் பெயர் வேறாக இருக்கும், உள்ளே இருக்கிற ரசாயனம் ஒரே வகையைச் சேர்ந்ததாக இருக்கும். ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் தன் வயலுக்கு என்ன அடித்தோம் என்பது மட்டும் தெரியும். எல்லா வயல்களின் மொத்தமும் போய்ச் சேருவது அந்த ஒருவருடைய உடம்பில். பூச்சிக்கொல்லிப் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இந்த மனிதரை மையத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். இதுவரையிலான பிரசுரங்களும் கூட்டங்களும் பெரும்பாலும் நிலம் வைத்திருப்பவரை நோக்கியே பேசுகின்றன.

சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971இன் விதிகள் ஆகியவற்றின்படி, நகரத்தில் வீடுகளுக்கும் கிடங்குகளுக்கும் மருந்தடிக்கிற பெஸ்ட் கன்ட்ரோல் தொழில் செய்ய உரிமம் வேண்டும். விவசாயப் பட்டமோ வேதியியல் படித்த அறிவியல் பட்டமோ இருக்க வேண்டும். அதோடு மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் மாதிரியான இடங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். கரப்பான் பூச்சிக்கு ஜெல் வைப்பதை ஒரு தொழிலாகப் பார்க்கும் இந்த ஏற்பாடு, பருவம் முழுக்க வயலில் மருந்தில் நனைகிறவரைத் தொழிலாளியாகக்கூடக் கணக்கில் எடுப்பதில்லை. அவருக்கு உரிமம் இல்லை, பயிற்சி இல்லை, பதிவேட்டில் பெயரும் இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் குடும்பம். நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிகளுக்கும் கட்டளை போக அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைத்து அப்புறப்படுத்தக் கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி இருக்கிறது. இந்த மருந்துகள் அந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடுகின்றன. பூச்சி சாவதும் இப்படித்தான், மனிதர் விழுவதும் இப்படித்தான். கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருப்பதால் வியர்வை கொட்டும், வாயில் எச்சில் ஊறும், கண்ணில் நீர் வழியும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிப் பார்வை மங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு என்று அது வளரும். கடைசியில் நுரையீரலில் நீர் சேர்ந்து, மூச்சுத் தசைகளும் ஓய்ந்துபோவதால்தான் உயிர் போகிறது.

தினமும் மருந்தடிப்பவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே நொதியைத் தாக்குகிற இன்னொரு குடும்பமான கார்பமேட் வகை மருந்துகள் அதைச் சில மணி நேரத்தில் விட்டுவிடும். ஆர்கனோபாஸ்பேட் அப்படி விடுவதில்லை. ரத்தச் சிவப்பணுவில் முடங்கிப்போன நொதி, புது அணுக்கள் உருவாக உருவாகத்தான் திரும்பக் கிடைக்கும். அது நாளுக்கு ஏறக்குறைய 1 சதவீதம். ஒரு நாள் வேலையில் 10 சதவீதம் குறைந்தால், அதை ஈடுகட்டப் பத்து நாளாவது ஆகும். அவர் மறுநாளே அடுத்த வயலில் நிற்கிறார். 10 சதவீதம் குறையும்போது உடம்புக்கு ஒன்றும் தெரியாது. இப்படியே சேர்ந்து சேர்ந்து பாதிக்குக் கீழே போன பிறகு, வழக்கமாகப் படுகிற அதே அளவு மருந்தே ஆளைச் சாய்த்துவிடும். "இருபது வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. நேற்றுவரை அவர்களுடைய உடம்பு தாங்கியது. இன்றைக்கு எவ்வளவு இருப்பு மிச்சம் என்பதை ரத்தத்தில் பார்த்தால்தான் தெரியும்.

மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017 ஜூலை முதல் அக்டோபர் வரை நடந்தது இதன் கொடூரமான வடிவம். பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கூலிக்கு அடித்தவர்களும் அவர்களில் நிறையப் பேர். அந்த ஆண்டு பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. காய்ப்புழுத் தாக்குதல் அதிகமாக இருந்ததால் அடித்த தடவைகளும் அதிகம். இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்தார்கள். மோட்டார் பொருத்திய மலிவான பம்புகள் மருந்தைப் புகைபோல நுண்ணிய துளிகளாக விசிறின. புழுக்கமான காற்று வேறு. செடி இடுப்பளவில் இருக்கும்போது கீழ்நோக்கி அடிக்கிற மருந்து, செடி தலைக்கு மேலே வளர்ந்ததும் முகத்தின் மேலேயே விழுகிறது. அதே ஆண்டு இங்கே பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் இறந்தார்கள். நம் ஊரில் அது இரண்டு வாரச் செய்தியாக வந்துபோனது.

மூக்கை விடத் தோல்

மருந்து மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதனால் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, மீதி உடம்பைத் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். வயலில் பம்ப் வைத்து அடிப்பவருக்கு விஷம் போகிற பெரிய வழி தோல். பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பேட்டை வைத்து மனிதர்களிடம் செய்த பழைய ஆய்வு ஒன்று, உடம்பின் எந்தப் பகுதி எவ்வளவு உறிஞ்சும் என்பதை அளந்து காட்டியது. முன்கையில் பட்டதில் உள்ளே போனது ஏறக்குறைய 9 சதவீதம். நெற்றியில் அது 4 மடங்கு. காது துவாரத்தில் 5 மடங்குக்கும் மேல். விரைப்பையில் 12 மடங்கு, அதாவது பட்டது எல்லாமே உள்ளே போய்விடுகிறது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பழைய பம்பைப் பாருங்கள். மூடியின் வாசர் தேய்ந்திருக்கிறது. குனிந்து நிமிரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து முதுகை நனைக்கிறது. முதுகிலிருந்து இறங்கி லுங்கியோ அரைக்கால் சட்டையோ இடுப்புக்குக் கீழே ஊறுகிறது. அந்த ஈரத்தோடு நாலு மணி நேரம் வேலை. மிக வேகமாக உறிஞ்சுகிற இடத்தில், மிக நீண்ட நேரம், உடல் சூட்டோடும் வியர்வையோடும் மருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூடி வாசருக்கு ஆகும் செலவு ஒரு டேங்க் கூலியைவிடக் குறைவு. காலையில் மருந்து ஊற்றுவதற்கு முன் வெறும் தண்ணீரை ஊற்றி, அழுத்தம் ஏற்றி, மூடி, ஹோஸ் இணைப்பு, கையில் பிடிக்கிற கன் ஆகிய மூன்று இடத்திலும் கசிகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு தடித்த பாலிதீன் விரிப்பைக் கட்டிக்கொள்வது நான் பார்த்தவற்றில் மிக மலிவான, மிகப் பலன் தருகிற பாதுகாப்பு.

அதைவிட ஆபத்தான நேரம் ஒன்று உண்டு. அது வயலுக்குள் இறங்குவதற்கு முன்பே வரப்பில் முடிந்துவிடுகிறது. லிட்டருக்கு 2 மில்லி கலக்க வேண்டிய மருந்தில், பாட்டிலில் இருக்கிற 1 மில்லி என்பது அடிக்கிற கரைசலில் அரை லிட்டருக்குச் சமம். மூடியைத் திறக்கும்போது விரலில் நாலு மில்லி வழிந்தால், கலந்த மருந்து இரண்டு லிட்டரை மேலே ஊற்றிக்கொண்டதற்கு நிகர். மூடியிலேயே அளந்து ஊற்றுவது, வெறுங்கையால் கலக்குவது, அலுமினியத் தாளைப் பல்லால் கிழிப்பது எல்லாம் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. பல வீடுகளில் தண்ணீர் சுமந்து மருந்து கலந்து கொடுப்பது பெண்கள். பம்பைத் தூக்காததால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பாட்டிலை நேரடியாகக் கையாளுகிறவர்கள் அவர்களே.

ஆகவே ஒரே ஒரு பொருள் வாங்கக் காசு இருந்தால் நைட்ரைல் கையுறை வாங்குங்கள் என்பேன், முழங்கை வரை நீளமானது. ஆஸ்பத்திரியில் போடுகிற மெல்லிய லேடெக்ஸ் கையுறை இதற்கு ஆகாது. இசி வகை, அதாவது தண்ணீரில் ஊற்றினால் பால்போல ஆகிற மருந்துகளில் எண்ணெய் போன்ற கரைப்பான் இருக்கிறது, அது லேடெக்ஸை ஊடுருவிவிடும். துணிக் கையுறை இன்னும் மோசம், மருந்தைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டவைத்துவிடும். ஈரத் துண்டை முகத்தில் கட்டுவதும் இதே கதைதான். வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றுவதற்கு முன், கையில் போட்டபடியே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வெறுங்கையால் பிடித்து இழுத்தால் அதுவரை போட்டிருந்ததற்குப் பலனே இல்லை. முகமூடி விஷயத்தில், என்95 தூசியையும் துளியையும் ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடிதான் வேண்டும், அந்தக் கார்ட்ரிட்ஜையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும்.

சரி, இத்தனையும் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் வேலை செய்ய முடியுமா? முடியாது. முழு உடையோடு வெயிலில் நின்றால் வெப்பமே ஆளை வீழ்த்தும். இதை ஒப்புக்கொள்ளாமல் "பாதுகாப்பு உடை அணியுங்கள்" என்று மட்டும் சொல்கிற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட பூச்சிக்கொல்லி மேலாண்மை நெறிமுறை இதைத் தெளிவாகவே பேசுகிறது. வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகளும் கூலியாட்களும் அணியச் சிரமமான, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படுகிற மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. லேபிளில் சிவப்பு முக்கோணம் போட்ட மருந்தை வாங்கிக் கொடுத்துவிட்டு மாஸ்க் போட்டாயா என்று கேட்பதைவிட, அதே புழுவுக்கு நீல முக்கோணத்திலோ பச்சை முக்கோணத்திலோ என்ன இருக்கிறது என்று கடையில் கேட்பது தோட்டக்காரரின் கடமை. சிவப்பு என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் உள்ளே போனாலே பரிசோதனை விலங்குகளில் பாதி செத்துப்போகும் வகை. மஞ்சள் 51 முதல் 500 வரை, நீலம் 501 முதல் 5000 வரை, பச்சை அதற்கும் மேல். பச்சை என்றால் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. உயிர் போகிற அளவைப் பற்றி மட்டுமே அந்த நிறம் பேசுகிறது.

வயலுக்குள் இறங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. காற்று பக்கவாட்டில் வீசும்படி நடக்க வேண்டும். காற்று முகத்துக்கு எதிரே வந்தால் திரும்பிவிட வேண்டும். நம் ஆட்கள் நாசிலை முன்னால் இடதும் வலதுமாக வீசிக்கொண்டே அந்த ஈரச் செடிக்குள்ளேயே நடந்து போகிறார்கள். தொடை வரை நனைவது இதனால்தான். பக்கத்து வரிசைக்கு அடித்தபடி காய்ந்த வரிசையில் நடந்தால் அது குறையும். இலை கூட அசையாத அதிகாலையும் நல்லதல்ல. தரையோடு குளிர்ந்த காற்று தேங்கி நிற்கும்போது நுண்துளிகள் கீழே இறங்காமல் மிதந்துகொண்டே இருக்கும், அடிப்பவர் அதற்குள்ளேயே மூச்சு விடுவார். இலை மெதுவாக ஆடுகிற அளவு காற்று வேண்டும். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் பையில் இருக்கட்டும். பீடியும் வெற்றிலையும் கைகழுவிய பிறகு.

பல மருந்துகளைக் கலந்து அடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே நடையில் புழுவுக்கும் நோய்க்கும் வளர்ச்சிக்கும் என்று மூன்று நான்கு பாட்டில்களை ஒரே டேங்கில் ஊற்றுவது கூலி மிச்சப்படுத்தும் உத்தியாகப் பரவிவிட்டது. ஆர்கனோபாஸ்பேட்டும் பைரித்ராய்டு என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி வகையும் சேரும்போது, பைரித்ராய்டைச் சிதைக்கிற உடலின் நொதிகளையும் ஆர்கனோபாஸ்பேட் முடக்குவதால் நச்சு கூடுகிறது. பூச்சிக்கு இது நல்ல அடி, மனிதருக்கும் அதே அடி. விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் என்ன மருந்து என்று டாக்டருக்குச் சொல்ல ஒரு பெயர் இருக்காது, நாலு பெயர் இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் குளியல். துணியைக் குடும்பத் துணிகளோடு சேர்க்கக் கூடாது. இதைச் சாதாரணமாக எல்லோரும் தாண்டிப் போகிறோம், அந்தத் துணியைக் கையால் கசக்கித் துவைக்கிறவர் வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைப்பதில்லை. மருந்து முழுப் பலத்தோடு கொட்டிய துணியைத் துவைத்துப் பயன்படுத்த வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பூட்டும் அலமாரியும்

இந்தியாவில் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்ததற்கே பின்னணி, மருந்தை எதோடு சேர்த்து வைத்தார்கள் என்பதுதான். 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய மதராஸ் மாநிலத்திலும் பாரத்தியான் கலந்த உணவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உணவுப் பொருளும் பூச்சிக்கொல்லியும் ஒன்றாக ஏற்றி வரப்பட்டு, கசிந்த மருந்து கோதுமை மாவில் ஏறியிருந்தது. நீதிபதி ஜே. சி. ஷா தலைமையிலான விசாரணையும் அதற்குப் பிறகு வந்த குழுக்களும் பத்தாண்டு கழித்து 1968 சட்டத்தில் முடிந்தன. அந்தச் சாவுகள் நடந்து 55 ஆண்டு கழிந்தும் அதே தவறு நடந்தது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. பூச்சிக்கொல்லி இருந்த கொள்கலனில் எண்ணெயை வைத்ததாக விசாரணையில் தெரியவந்தது.

ஆகவே இருப்பு வைப்பதில் முதல் விதி: மருந்து அதன் சொந்தப் பாட்டிலை விட்டு வெளியே வரக் கூடாது, அந்தப் பாட்டிலுக்குள் வேறெதுவும் போகக் கூடாது. மிச்சம் இருக்கிற 50 மில்லியைத் தண்ணீர் பாட்டிலிலோ குவாட்டர் பாட்டிலிலோ ஊற்றி வாங்கிப் போகிற பழக்கம் தமிழ்நாட்டு கிராமங்களில் இன்றும் இருக்கிறது. மாலையில் தாகத்தோடு வருகிற ஒருவருக்கு அது வெறும் பாட்டிலாகத்தான் தெரியும். காலி பாட்டிலைக் கலக்குகிற நேரத்திலேயே மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கிய மருந்து வீணாகாது, பாட்டிலிலும் தங்காது. அப்புறம் அடியில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது.

இருப்பு அறை தனியாக, காய்ந்ததாக, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ளதாக இருக்க வேண்டும். அளவு கொஞ்சமாக இருந்தால் பூட்டிய தனி அலமாரி போதும். இது விதியிலேயே இருக்கிறது. அலமாரிக்குள் தூள் மேல் தட்டிலும் திரவம் கீழ்த் தட்டிலும் இருக்கட்டும், ஒழுகினால் தூள் நனையாது. களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் ஒரே தட்டில் வேண்டாம். 2,4-டி களைக்கொல்லியின் ஆவி பக்கத்தில் இருக்கிற விதையையும் உரத்தையும் கெடுக்கும், பாட்டில் மாறினால் பருத்தியே கருகிப்போகும். தகரக் கொட்டகையில் வைப்பவர்கள் மே மாதத்தில் உள்ளே போய் நின்று பார்க்க வேண்டும். அந்தச் சூட்டில் கரைப்பான் ஆவியாகி அறை முழுக்க நிறையும், மருந்தின் வீரியமும் கெடும். மருந்து சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவைத்து அள்ள, மூலையில் ஒரு சாக்கு இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தேதி பார்ப்பதும் அவசியம். போரேட், டைகுளோர்வாஸ், டிரையசோபாஸ் ஆகியவை 2020 டிசம்பர் 31க்குப் பிறகு நாட்டில் தடை செய்யப்பட்டவை. பழைய கொட்டகைகளில் அவை இன்னும் இருந்தால் ஆச்சரியமில்லை. கிணற்றிலும் ஓடையிலும் கொட்டாமல், வேளாண்மைத் துறை அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

பூட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பேசத் தயங்கக் கூடாது. கிராமத்தில் ஒரு சண்டை, ஒரு கடன், ஒரு கணத்து வேதனை, கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு பாட்டில். தமிழ்நாடு அரசு தற்கொலைகளைக் குறைக்க வேண்டி மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உட்பட ஆறு மருந்துகளின் விற்பனையை 60 நாட்கள் தடை செய்தது இந்தப் பின்னணியில்தான். இலங்கை, மிக நச்சான மருந்துகளை 1990களிலிருந்து படிப்படியாகத் தடை செய்ததில் அங்கே தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அந்தக் கணத்தைக் கடத்திவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். வீட்டு வாசலில் பம்போடு சேர்த்து மருந்தைப் போட்டுவைக்கிற மருந்தடிப்பவர் தன் வீட்டுக்காகவே ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

உரிமமும் பயிற்சியும் உள்ள நகரத் தொழிலிலும் கவனம் பிசகினால் என்ன ஆகும் என்பதைச் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூர் காட்டியது. 2024 நவம்பரில் ஒரு வீட்டில் எலிக்கு மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அறையைச் சாத்தி ஏ.சி. போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். கிடங்குகளில் போடுகிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது: ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் வாயு வெளிவரும், 3 கிராம் மாத்திரை 1 கிராம் வாயுவைத் தரும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆள் தூங்குகிற வீட்டுக்குள் அது நுழையவே கூடாது. தானிய மூட்டைக்குள் போட்டுவிட்டு அதே அறையில் படுக்கிற வழக்கத்தை எங்கே பார்த்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

விழுந்துவிட்டால்

மருந்தடிக்கும்போதோ அடித்த அன்று இரவோ தலைவலி, குமட்டல், அளவுக்கு மீறிய வியர்வை, பார்வை மங்கல் வந்தால் வெயில் என்று தள்ளிவிடக் கூடாது. உடனே வெளியே கொண்டுவந்து, துணி முழுவதையும் கழற்றி, சோப்பும் தண்ணீரும் போட்டுத் தலைமுடி, காதுப் பின்புறம், நகம், தொடைச் சந்து வரை கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறை போட வேண்டும், இல்லாவிட்டால் அவரும் நோயாளி ஆவார். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீர். வாயில் போயிருந்தால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், கரைப்பான் நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. நினைவில்லாதவரை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். பாட்டிலையோ லேபிளின் போட்டோவையோ கையோடு கொண்டுபோக வேண்டும். ஆர்கனோபாஸ்பேட்டுக்கு அட்ரோபின் இருக்கிறது, நேரத்தோடு போனால் பலன் தருகிறது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு அப்படி எதுவும் கிடையாது, கண்மூடித்தனமாக ஆக்சிஜன் கொடுப்பதுகூட நுரையீரலைக் கெடுக்கும். பெயர் தெரிவதால் சிகிச்சையே மாறுகிறது. டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. டாக்டரும் அதில் கேட்கலாம்.

இப்போது ட்ரோன் வந்துவிட்டது, இனிமேல் முதுகு நனையாது என்கிறார்கள். உண்மைதான், வயலுக்குள் யாரும் நடக்க வேண்டியதில்லை. ஆனால் 200 லிட்டரில் கலந்து அடித்த அதே ஏக்கர் மருந்தை ட்ரோன் 10 லிட்டரில் கொண்டுபோகிறது. கரைசல் 20 மடங்கு அடர்த்தி. அந்தச் சின்ன டேங்கை நாள் முழுக்க நிரப்பிக்கொடுக்கிற உதவியாளர் கையில் ஒரு கையுறையாவது இருக்கிறதா என்பதை வீடியோக்களில் பார்க்கிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை.

ரத்தச் சோதனைக்கு வருகிறேன். 1971 விதிகளின்படி, மருந்து தெளிக்கும் வேலையில் இருப்பவர்களை வேலைக்குச் சேர்க்கும் முன்பும் பிறகு குறிப்பிட்ட கால இடைவெளியிலும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் தயாரிக்கிற ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு மாதம் ஒரு முறை ரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் அளவு பார்க்க வேண்டும். கிராமத்தில் மருந்தடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு சோதனை இருப்பதே தெரியும்? அமெரிக்காவில் கலிபோர்னியா 1974 முதல் இதை நடத்திவருகிறது. 30 நாளில் 6 நாளுக்கு மேல் இந்த வகை மருந்துகளைக் கையாளும் தொழிலாளிக்கு, பருவம் தொடங்குமுன் அவருடைய சொந்த அளவு எவ்வளவு என்று முதலில் பார்த்துவைக்கிறார்கள். பிறகு வருகிற சோதனையில் அதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலைமுறையில் என்ன குறை என்று முதலாளி ஆராய வேண்டும். சிவப்பணுவில் உள்ள நொதியின் அளவு 70 சதவீதமாகக் குறைந்தால் ஆளை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். மறுபடி 80க்கு ஏறிய பிறகே பம்பைத் தொடலாம். முதல் அளவு தெரியாமல் நடுவில் மட்டும் பார்ப்பதில் பயன் குறைவு, ஏனென்றால் ஆளுக்கு ஆள் இயல்பான அளவே பெரிதும் வேறுபடும்.

பருத்தியும் மிளகாயும் அதிகம் விளைகிற பெரம்பலூர், அரியலூர், விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் இதைத் தொடங்குவது நடக்காத காரியமல்ல. யார் மருந்தடிக்கிறார்கள் என்பது ஊராட்சிக்குத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பலாம். சட்டையைக் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் முடிகிற ஊசிக் குத்து. ஆவணியில் மானாவாரிப் பருத்தி விதைப்பு தொடங்குவதற்கு முன், அந்த ஊரில் பம்ப் தூக்குகிற ஒவ்வொருவருடைய முதல் அளவும் ஒரு பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும்.